பிறர் அடுப்பில் வெந்த உணவு

மதுரை மாநகருக்கு வடகிழக்கே, மேலூர் வட்டத்தில் அமைந்துள்ள திருவாதவூர், தமிழிலக்கிய வரலாற்றில் இரு பெரும் பெயர்களோடு இணைத்துப் பேசப்படும் ஊராகும். சங்கப் புலவர் கபிலர் பிறந்த ஊர் இதுவே என்பது மரபு. மாணிக்கவாசகர் பிறந்த ஊர் ஆதலால் அவருக்கு வாதவூரர் என்றே ஒரு பெயர் வழங்குகிறது. இவ்விரு பெருமைகளும் யாவரும் அறிந்தவை. அதிகம் பேசப்படாத பழமை ஒன்றும் இவ்வூருக்கு உண்டு. ஊரையடுத்த குன்றில், கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளில் சமணத் துறவியர் தங்கிய குகைத்தளம் உள்ளது. அதனை அமைத்துக் கொடுத்தோரின் பெயர்களைத் தமிழ்ப் பிராமி எழுத்துகள் இன்றும் தாங்கி நிற்கின்றன.

அத்துறவியர் தமக்கென உலை வைத்தவர்கள் அல்லர். ஊரார் சமைத்ததில் ஒரு பங்கை ஏற்று உண்டவர்கள். ஆனால் அதற்குக் கடுமையான விதிகள் அவர்களுக்கு இருந்தன. கதிரவன் மறைந்தபின் உண்ணலாகாது. கிடைத்ததை அளவோடு ஏற்க வேண்டும். இன்னின்னவற்றை ஏற்கவே கூடாது. சற்றுத் தொலைவிலுள்ள அழகர்மலைக் குகையிலும் இத்தகைய எழுத்துகள் உள்ளன. ஐராவதம் மகாதேவன் போன்ற அறிஞர்கள் படித்தறிந்தபடி, அங்குக் கொடையளித்தோரில் மதுரை உப்பு வணிகர் ஒருவரும், பணிதம் எனப்பட்ட இனிப்புப் பண்ட வணிகர் ஒருவரும் காணப்படுகின்றனர். உப்பும் இனிப்பும் விற்றவர்கள், உணவில் அளவு காத்தவர்களுக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள்!

அரபி மொழியும் ஃபிக்ஹும் பயிற்றுவிக்கும் நான் இந்தக் குன்றைப் பற்றி எண்ணத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. திருவாதவூரில் குடியிருந்து நாள்தோறும் மதுரைக்குப் பேருந்தில் வந்துபோகும் நான், என் இல்லாள் இறையழைப்பை ஏற்றபின், பெரும்பாலும் பிறர் அடுப்பில் வெந்ததையே உண்டு வருகிறேன். பிள்ளைகள் வெளியூர்களில் இருக்கிறார்கள். காலை உணவு மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தருகே; பகலுணவு கல்லூரிக்கு அடுத்த மெஸ்ஸில்; இஷாவுக்குப் பின் பெரும்பாலும் பரோட்டாவும் சால்னாவும். வீட்டுப் பணிகளில் குடும்பத்தாருக்கு உதவியவர்களாக நபி (ஸல்) அவர்கள் இருந்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸை முப்பதாண்டுகளாகப் பாடம் நடத்தியும், ஒரு ரசம் வைக்கக் கற்றுக்கொள்ளாதது என் குறையே.

சென்ற ஆண்டு இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த மருத்துவர், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 8.6 என்று கூறிவிட்டு, "என்ன சாப்பிடுகிறீர்கள் ஹஜ்ரத்?" என்று கேட்டார். "ஹலாலானதைத்தான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "நான் அதைக் கேட்கவில்லை" என்றார்.

அவர் கேட்டது எதை என்று சிந்தித்ததன் விளைவே இக்கட்டுரை.

இரு சொற்கள்

திருக்குர்ஆன் அல்பகரா அத்தியாயத்தின் 168ஆம் வசனம், பூமியில் உள்ளவற்றில் எதை உண்ண வேண்டும் என்று மனித குலம் முழுவதையும் விளித்துக் கூறுகையில் ஒரு சொல்லோடு நிறுத்தவில்லை. 'ஹலால்' என்பதையடுத்துத் 'தய்யிப்' என்னும் சொல்லையும் வைக்கிறது. இவ்விரண்டாம் சொல்லின் பொருள் குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது முதற்சொல்லை வலியுறுத்த வந்ததே என்பது இமாம் மாலிக் அவர்களின் கருத்தென்றும், சுவையும் இனிமையும் உடையது என்பது இமாம் ஷாஃபிஈ அவர்களின் கருத்தென்றும் குர்துபீ தம் விரிவுரையில் எடுத்துரைக்கிறார். தன்னளவில் நல்லதாகவும், உடலுக்கோ அறிவுக்கோ தீங்கிழைக்காததாகவும் இருப்பதே தய்யிப் என்று விளக்குகிறார் இப்னு கஸீர்.

நம் வழக்கத்தில் முதற்சொல் நிலைத்துவிட்டது. இரண்டாம் சொல் மங்கிவிட்டது. உணவகத்தின் பெயர்ப்பலகையில் 'ஹலால்' என்னும் சொல்லைக் கண்டதும் நம் விசாரணை முடிந்துவிடுகிறது. அந்த எண்ணெய் எத்தனையாவது முறையாகக் கொதிக்கிறது, அந்தச் சால்னாவில் எவ்வளவு உப்பு, அந்தக் குருமா எப்போது வைத்தது என்பனவெல்லாம் மார்க்கத்திற்குத் தொடர்பில்லாத கேள்விகள் என்று எண்ணுகிறோம். நம் முன்னோர் அவ்வாறு எண்ணவில்லை. இக்கேள்விகளைக் கேட்பதற்கென்றே ஒரு பதவியை ஏற்படுத்தி, அதற்குரிய சட்ட நூல்களையும் எழுதி வைத்தார்கள். அவ்வாறு செய்ய வேண்டிய தேவை அவர்களுக்கு ஏற்பட்டதற்குக் காரணம், அவர்களின் பெருநகரங்களிலும் மக்கள் வெளியே வாங்கி உண்டதுதான்.

அடுப்பெரியாத மாநகர்

வெளியில் உண்பது இக்காலத்தின் சீர்கேடு என்று மேடைகளில் பேசப்படுவதுண்டு. வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. கெய்ரோவை எடுத்துக்கொள்வோம். பழைய கெய்ரோவின் யூத ஆலயமொன்றில் கண்டெடுக்கப்பட்ட கெனிசா ஆவணங்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த கோய்ட்டெய்ன், 11, 12ஆம் நூற்றாண்டுகளில் அந்நகரத்தார் சமைத்த உணவைக் கடைத்தெருவிலிருந்து வாங்கி உண்பது பரவலான வழக்கமாயிருந்ததை எடுத்துக்காட்டியுள்ளார். மரங்கள் குறைந்த எகிப்தில் விறகு எளிதில் கிடைப்பதன்று. நெருக்கமான குடியிருப்புகளில் ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பு மூட்டுவதைவிடக் கடையில் வாங்குவதே சிக்கனமாகவும் இருந்தது.

பிளாரன்ஸ் நகரிலிருந்து யாத்திரையாகப் புறப்பட்டு 1384ஆம் ஆண்டு கெய்ரோவைக் கண்ட பிரெஸ்கோபால்டி, தெருக்களில் இரவு பகலாகப் பெரிய செப்புக் கொப்பரைகளில் உணவு வெந்து கொண்டிருந்ததையும், செல்வந்தர்கூட வீட்டில் சமைப்பதில்லை என்பதையும் வியப்போடு குறித்திருக்கிறார். அதே ஆண்டில்தான் இப்னு கல்தூன் அந்நகரின் மாலிகி மத்ஹபுக் காழியாக அமர்த்தப்பட்டார். அவர் முன்னரே எழுதி முடித்திருந்த முகத்திமாவில், மருத்துவக் கலை பாலைவாசிகளைவிட நகரவாசிகளுக்கே மிகுதியாகத் தேவைப்படுவது ஏன் என்று ஆராய்ந்திருந்தார். நகரவாசிகள் பலவகை உணவுகளைக் கலந்து, மிகுதியாக, வேளை தவறி உண்கிறார்கள், உடலுழைப்போ குறைவு, ஆகவே நோய் பெருகுகிறது என்பது அவர் முடிவு. அறுநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இதில் திருத்துவதற்கு அதிகமில்லை.

அந்நகரத்தைப் பற்றி மக்ரீஸீ தரும் குறிப்பொன்று நம் காலத்தை நினைவூட்டுவதாகும். கெய்ரோவின் குப்பை மேடுகளில் நாள்தோறும் ஆயிரம் தீனார் பெறுமானமுள்ள பொருள்கள் கொட்டப்பட்டதாக முதியோர் கூறக் கேட்டதாக அவர் எழுதுகிறார். பாலும் பாலாடைக்கட்டியும் சமைத்த உணவும் வைத்துக் கொடுக்கப்பட்டு, உண்டதும் தூக்கியெறியப்பட்ட செம்மண் கலங்களும், பொட்டலம் கட்டிய தாளும் கயிறும் அவற்றில் அடக்கம். பார்சல் உணவு என்பது நேற்றுத் தோன்றியதன்று.

கடைத்தெருவின் காவலர்

தானியக் குவியலொன்றைக் கடந்து சென்ற நபி (ஸல்) அவர்கள் அதனுள் கையை நுழைத்துப் பார்த்ததையும், விரல்களில் ஈரம் பட்டதையும், நனைந்த தானியத்தை மக்கள் காணும்படி மேலே வைக்காதது ஏன் என்று வணிகரைக் கேட்டதையும், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்ததையும் ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். மேலே தெரிவதை நம்பாமல் உள்ளே கைவிட்டுப் பார்த்த இச்செயலே 'ஹிஸ்பா' என்னும் சந்தைக் கண்காணிப்புத் துறைக்கு வித்து என்று கூறலாம். அத்துறையின் அலுவலர் முஹ்தஸிப் எனப்பட்டார்.

12ஆம் நூற்றாண்டில், ஸலாஹுத்தீன் அய்யூபீ காலத்தில் வாழ்ந்த ஷைஸரீ, முஹ்தஸிபுக்கு வழிகாட்டியாக 'நிஹாயத்துர் ருத்பா' என்னும் நூலை இயற்றினார். அடுத்த நூற்றாண்டுகளில் எகிப்தில் இப்னுல் உகுவ்வா (இறப்பு 1329) 'மஆலிமுல் குர்பா'வை எழுதினார். ரொட்டி சுடுவோர், ஹரீஸா ஆக்குவோர், மீன் பொரிப்போர், ஆட்டிறைச்சி சுடுவோர், இனிப்பு செய்வோர் என ஒவ்வொரு தொழிலுக்கும் இவற்றில் தனித்தனி அத்தியாயங்கள் உள்ளன.

ஷைஸரீ வகுத்த விதிகள் சிலவற்றைக் காண்போம். ரொட்டிக் கடையின் கூரை உயரமாகவும், புகை போவதற்கு வழி உடையதாகவும் இருக்க வேண்டும். மாவு பிசைபவர் காலாலோ முழங்காலாலோ முழங்கையாலோ பிசையலாகாது. வியர்வை சொட்டாதிருக்க நெற்றியில் வெள்ளைத் துணிப்பட்டை கட்ட வேண்டும். பேசும்போதும் தும்மும்போதும் எச்சில் தெறிக்காதிருக்க வாயை மூடிக்கொள்ள வேண்டும். கைகளிலுள்ள உரோமத்தை மழித்திருக்க வேண்டும். பகலில் பிசைந்தால் ஈயோட்ட ஒருவர் அருகில் நிற்க வேண்டும். மீன் பொரிப்போர் தம் கூடைகளையும் தட்டுகளையும் நாள்தோறும் கழுவ வேண்டும். ஹரீஸாக் கொப்பரையில் இறைச்சியை இட்டதும் முஹ்தஸிபின் முத்திரை வைக்கப்படும். விடியலில் அம்முத்திரை உடைக்கப்பட்ட பிறகே கொப்பரை திறக்கப்படும். குடலில் இறைச்சியை அடைத்து விற்போரின் கலப்படங்கள் எண்ணற்றவை என்பதால், அவர்களின் கடைகள் முஹ்தஸிபின் இருக்கைக்கு அருகிலேயே இருப்பது நலம் என்று கருதப்பட்டது.

சமையற்காரர்களின் மோசடிகளைப் பற்றிப் பேசுமிடத்தில் அவர் காட்டும் எச்சரிக்கை சுவையானது. தத்துவ அறிஞர் அல்கிந்தீ எழுதிய ஒரு நூலில் இறைச்சியே இல்லாத இறைச்சிக் கறியும், ஈரலே இல்லாத ஈரல் வறுவலும், முட்டையே இல்லாத முட்டைப் பொரியலும் செய்யும் முறைகள் உள்ளன என்று சொல்லிவிட்டு, அவற்றை விவரித்தால் தீயோர் கற்றுக்கொள்வார்கள் என்று ஷைஸரீ நிறுத்திக்கொள்கிறார்.

இவ்விதிகள் எல்லாக் காலத்திலும் எல்லா ஊரிலும் நிறைவேற்றப்பட்டன என்று நாம் பெருமை பேசலாகாது. தாமே கெய்ரோவின் முஹ்தஸிபாகப் பணியாற்றிய மக்ரீஸீ, 1405ஆம் ஆண்டளவில் பஞ்சத்தைப் பற்றி எழுதிய நூலில், காழி, ஆளுநர், முஹ்தஸிப் போன்ற பதவிகள் கையூட்டுக்கு விற்கப்பட்டதையே நாட்டின் அழிவுக்கு முதற்காரணமாகச் சாடுகிறார். பதவியை விலை கொடுத்து வாங்கியவர் அவ்விலையைக் கடைக்காரர்களிடமிருந்தே மீட்பார். அந்நிலையில் உண்பவரைக் காக்க எவருமில்லை. தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டியதுதான். அதற்கும் ஒரு கலையை நம் மருத்துவர்கள் வளர்த்தார்கள்.

தீங்கை நீக்கும் கலை

மருத்துவ மேதை அபூபக்ர் அர்ராஸீ (இறப்பு 925) உணவுகளின் பயன்களையும் அவற்றின் தீங்குகளை நீக்கும் வழிகளையும் கூறத் தனிநூல் இயற்றினார். 11ஆம் நூற்றாண்டில் பக்தாத் மருத்துவர் இப்னு புத்லான் 'தக்வீமுஸ் ஸிஹ்ஹா'வில் உணவுகளை அட்டவணைகளாகவே வகுத்து, இதன் பயன் இது, தீங்கு இது, அத்தீங்கை அகற்றுவது இது எனக் கட்டம் கட்டிக் காட்டினார். அவரோடு கடும் வாதம் புரிந்த கெய்ரோ மருத்துவர் இப்னு ரிழ்வான், கீஸாவைச் சேர்ந்த ஏழை ரொட்டிக்காரரின் மகன். கடைத்தெரு அடுப்பை அறிந்து வளர்ந்த அவர், எகிப்து மண்ணில் உடலுக்கு நேரும் தீங்குகளை விலக்குவது பற்றி ஒரு நூல் எழுதினார். தாமும் நாள்தோறும் உடற்பயிற்சி செய்துவந்தார்.

இவர்கள் எவரும், கடைச் சோற்றை உண்ணாதே என்று நகரவாசிக்கு உபதேசித்து ஒதுங்கிவிடவில்லை. உண்பதைத் தேர்ந்தெடு, அதன் கேட்டை முறிக்கும் பொருளை உடன் சேர், அளவைக் குறை, காற்று, உறக்கம், உழைப்பு, மனநிலை ஆகியவற்றையும் சேர்த்துப் பார் என்பதே அவர்களின் நெறி. இதற்கு நபிவழியிலும் சான்று உண்டு. நபி (ஸல்) அவர்கள் பேரீச்சங்கனியை வெள்ளரிக்காயோடு சேர்த்து உண்டதை புகாரீ, முஸ்லிம் இருவரும் பதிவு செய்துள்ளனர். முலாம்பழத்தோடு பேரீச்சையை உண்டு, ஒன்றின் வெம்மையை மற்றதன் குளிர்ச்சியால் தணித்ததை அபூதாவூதில் காண்கிறோம். இப்னுல் கய்யிம் (இறப்பு 1350) தம் 'ஸாதுல் மஆத்' நூலில் இவற்றையே உணவு நெறியின் அடிப்படையாக எடுத்து விரிக்கிறார்.

மதுரைக்கு வந்த பயணி

இக்கலையைப் பாண்டி நாட்டில் பயன்படுத்தி உயிர் பிழைத்த ஒருவரை நாம் அறிவோம். சமைக்காமல் வாழ்ந்த மனிதருக்கு இப்னு பதூதாவைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. ஏறத்தாழ முப்பதாண்டுகள் கான்காஹ்களிலும் அரசர் விருந்துகளிலும் வழிப்போக்கர் விடுதிகளிலும் உண்டவர் அவர். மலபார், மாலத்தீவு, இலங்கை, மஃபர் எனப்பட்ட நம் சோழமண்டலக் கரை ஆகியவற்றில் மூன்றாண்டுகள் சோற்றையே உண்டு, இறுதியில் அதைத் தண்ணீர் ஊற்றித்தான் விழுங்க முடிந்தது என்று எழுதுகிறார். ஒரே உணவைத் திரும்பத் திரும்ப உண்ண நேர்ந்தவரின் சலிப்பு அது.

14ஆம் நூற்றாண்டின் நாற்பதுகளில், சுல்தான் கியாஸுத்தீன் தாமகானீ ஆண்டபோது அவர் மதுரைக்கு வந்தார். அகன்ற தெருக்களையுடைய அந்நகரில் அப்போது கொள்ளைநோய் பரவியிருந்தது. சுல்தானுக்கு யோகி ஒருவர் இரும்புத்தூள் கலந்த உருண்டைகளை வலிமைக்கு மருந்தாகச் செய்து கொடுத்திருந்தார். அவற்றை வேண்டிய அளவுக்கு மேல் உட்கொண்ட சுல்தான் நோயுற்றுப் பின்னர் மாண்டார். இப்னு பதூதாவையும் கடுங்காய்ச்சல் பற்றியது. முடிவு வந்துவிட்டது என்றே கருதினார். அங்கு மிகுதியாகக் கிடைத்த புளியை உண்ணும் எண்ணத்தை இறைவன் தம் உள்ளத்தில் தோற்றுவித்ததாகவும், ஏறத்தாழ ஒரு ராத்தல் புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்ததாகவும், மூன்று நாள் வயிறு கழிந்தபின் நலமடைந்ததாகவும் கூறுகிறார். இதை இன்று மருத்துவமாகக் கொள்ளலாகாது. அளவு மீறிய அரசர் மாண்டார், எளிய பொருளை நாடிய பயணி பிழைத்தார் என்பதே நாம் கொள்ள வேண்டியது.

பிறர் அடுப்பால் கெட்டவர் மனிதர் மட்டுமல்லர். மாணிக்கவாசகர் கதையில் பாண்டியனின் குதிரைப் பணம் பேசப்படுவதை யாவரும் அறிவர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரபுக் குதிரைகள் மஃபர் கரையில் பெருந்தொகையாக இறங்கின. இங்கு வந்ததும் அவற்றுக்குப் பச்சை வாற்கோதுமைக்குப் பதிலாக வறுத்த வாற்கோதுமையும், வெண்ணெய் சேர்த்துப் பக்குவப்படுத்திய தானியமும், காய்ச்சிய பசும்பாலும் கொடுக்கப்பட்டதை வியந்தும் வருந்தியும் எழுதினார் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். அன்பின் மிகுதியால் நெய்யூற்றுவதும் ஒருவகைத் தீங்குதான் என்பதற்கு அக்குதிரைகளே சாட்சி. நம் விருந்துகளை எண்ணிப் பார்க்கவும்.

மதுரையின் அங்காடி

மதுரையும் கெய்ரோவுக்கு இளைத்த நகரமன்று. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி இந்நகரின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் விரித்துரைக்கிறது. அடையும் மோதகமும் விற்ற கூவியர் நள்ளிரவு நெருங்குகையில் இருந்த இடத்திலேயே உறங்கிப்போவதை அதில் காண்கிறோம். தூங்கா நகரம் என்னும் பெயர் இன்றைய பரோட்டாக் கடைகளால் வந்ததன்று. பிற்காலத்தில் ராணி மங்கம்மாளின் சத்திரம் போன்றவை வழிப்போக்கரைப் பேணின. 1930களில் மதுரை மாவட்டத்து வடக்கம்பட்டியிலிருந்து கிளம்பிய முயற்சி 'முனியாண்டி விலாஸ்' என்னும் பெயரில் தமிழகமெங்கும் அசைவ உணவகங்களாகக் கிளைத்தது. நம் சமுதாயத்தாரும் பிரியாணிக் கடை, பரோட்டாக் கடை, தேநீர்க் கடை எனப் பரவினர். கல்லீரலைக் குறிக்கும் 'ஜிகர்' என்னும் பாரசீகச் சொல்லைத் தாங்கிய ஜிகர்தண்டா இந்நகரின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

2013ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிப் பின்னர் மதுரை உள்ளிட்ட மாநகராட்சிகளுக்கும் விரிந்த அம்மா உணவகம், தொடக்கத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லியும், ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சோறும், மூன்று ரூபாய்க்குத் தயிர்ச்சோறும் வழங்கியது. வீட்டில் அடுப்பு மூட்ட இயலாதவருக்கு எண்ணெயில் பொரிக்காத உணவை அரசே தருவது என்பது, மலிவுக்காக மட்டுமன்றி நலத்துக்காகவும் பாராட்டத்தக்க ஏற்பாடாகும்.

இன்றைய ஹிஸ்பா

முஹ்தஸிபின் பணி மறைந்துவிடவில்லை, பெயர் மாறியிருக்கிறது. சென்னை மாகாணத்தில் 1918ஆம் ஆண்டிலேயே கலப்படத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. நாடு முழுமைக்குமான சட்டம் 1954இல் வந்தது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் 2011 ஆகஸ்டு 5 முதல் அதன் இடத்தைப் பெற்றது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் உருவாகும் முனைவுச் சேர்மங்கள் 25 விழுக்காட்டை மீறினால் அவ்வெண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தலாகாது என்னும் விதி 2018 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் ஊடுகொழுப்பு 2 விழுக்காட்டை மீறலாகாது என்பது 2022 முதல் விதி. அச்சிட்ட செய்தித்தாளில் உணவைப் பொதிவதும் தடுக்கப்பட்டுள்ளது. ஷைஸரீயின் நூலில் ஓர் அத்தியாயமாக இவற்றைச் சேர்த்தால் எவருக்கும் வேறுபாடு தெரியாது.

ஆனால் எந்த முஹ்தஸிபும் நம் இலையில் எத்தனை பரோட்டா விழுகிறது என்று எண்ண வரமாட்டார். நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள் என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023இல் வெளியான பேராய்வு மதிப்பிட்டது. அவர்கள் எல்லாரும் கலப்பட உணவால் நோயுற்றவர்கள் அல்லர். தூய்மையான, சட்டத்துக்குட்பட்ட, ஹலாலான உணவை வரம்பின்றி உண்டவர்களும் அதில் உண்டு; நானும் ஒருவன். உண்ணவும் பருகவும் அனுமதித்த அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனம், அதே வசனத்திலேயே வரம்பு மீறுவதையும் தடுத்திருப்பதை நான் எத்தனையோ முறை ஓதியிருக்கிறேன். உணவகத்தில் அமர்ந்திருக்கும்போது ஓதியதில்லை.

உண்பவரே முஹ்தஸிப்

மருத்துவரின் அறிவுரையையும் பழைய நூல்களின் நெறியையும் சேர்த்து, கடந்த ஓராண்டாக நான் கடைப்பிடிப்பவற்றைச் சொல்வது வாசகர்க்குப் பயன்படலாம்.

முதலாவது தேர்வு. காலையில் பூரி, வடையை விட்டு ஆவியில் வெந்த இட்லி, இடியாப்பம். சட்னியைக் குறைத்து, பருப்பும் காயும் உள்ள சாம்பாரை மிகுத்தல். சாலையோரத்தில் விற்கும் கம்மங்கூழும் கேழ்வரகுக் கூழும், தூய்மையாகக் கிடைக்கும் இடத்தில், மைதாப் பண்டங்களைவிட மேலானவை. மாலையில் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல். மீன் வேண்டுமென்றால் பொரித்ததைவிடக் குழம்பில் வெந்தது.

இரண்டாவது முறிப்பு. மெஸ்ஸில் இலை போட்டதும் சோறு வருமுன் கூட்டையும் பொரியலையும் கேட்டு வாங்கி முதலில் உண்டுவிடுகிறேன். காயும் பருப்பும் முன் சென்றால், பின்வரும் சோற்றால் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது என இக்கால ஆய்வுகளும் கூறுகின்றன. பரிமாறுபவர் தொடக்கத்தில் வியந்தார். இப்போது நான் அமர்ந்ததும் கீரையோடு வருகிறார். ஊறுகாய், அப்பளம் இரண்டையும் ஒதுக்கினேன். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது. வெளியில் உண்பவர் அதை ஒரே வேளையில் எட்டிவிடுவது எளிது. இனிப்புக் குளிர்பானத்தின் இடத்தில் உப்பில்லா மோர்.

மூன்றாவது அளவு. வயிற்றில் மூன்றிலொரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் எனத் திர்மிதீயில் மிக்தாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி பலரும் அறிந்தது. அதன் முற்பகுதியில், முதுகெலும்பை நிமிர்த்தும் சில கவளங்களே போதும் என்றும், அதற்கு மேலும் வேண்டுமென்றால்தான் இந்த மூன்றிலொரு கணக்கு என்றும் வருவதை நாம் சொல்வதில்லை. மூன்றிலொரு பங்கு என்பது குறைந்த அளவன்று, அதுவே மேலெல்லை! இருவர் உணவு மூவருக்குப் போதும் என்னும் ஹதீஸுக்கோ இன்றைய பிரியாணித் தட்டு நேரடி விளக்கம். சக ஆசிரியர் ஒருவரும் நானும் இப்போது ஒரு தட்டை இருவராகப் பகிர்கிறோம்.

நான்காவது வேளை. திருவாதவூர்க் குன்றின் துறவியர் இருட்டுமுன் உண்டு முடித்தார்கள். அவர்களின் சமயம் வேறு, நோக்கம் வேறு. எனினும் இரவு பத்து மணிப் பரோட்டாவை மஃரிபுக்குப் பிந்திய எளிய உணவாக மாற்றிக்கொள்ள அக்குன்றைக் கண்டு வெட்கப்பட்டது எனக்கு உதவியது. உண்டபின் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடுவரை நடக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே உலை வைக்கிறேன். ரசம் இன்னும் சரிவரவில்லை.

அண்மைப் பரிசோதனையில் 8.6 என்பது 7.2 ஆகியிருக்கிறது. மருந்தின் பங்கும் அதில் உண்டு. அல்ஹம்துலில்லாஹ்.

இறுதியாக, உணவகம் நடத்தும் நம் சகோதரர்களுக்கு ஒரு சொல். உங்கள் பலகையிலுள்ள 'ஹலால்' என்னும் சொல்லை நம்பித்தான் பயணியும் மாணவரும் வீட்டில் அடுப்பெரியாத முதியவரும் உள்ளே வருகிறார்கள். அச்சொல்லுக்கு அடுத்ததாக இறைவன் வைத்த சொல்லும் அப்பலகையில் எழுதப்பட்டிருப்பதாகவே கருதி, எண்ணெயை மாற்றுங்கள், உப்பைக் குறையுங்கள், இலையில் காயைக் கூட்டுங்கள். நனைந்த தானியத்தைக் கண்ட அந்தக் கை, உங்கள் குவியலுக்குள்ளும் ஒருநாள் நுழையும் என்பதை மறவாதீர்கள். உண்பவர்களாகிய நாமோ கடைக்குள் நுழையும்போது ஒரு கேள்வியோடு நில்லாமல் இரண்டையும் கேட்போம். முதற் கேள்விக்குக் கடைக்காரர் விடை சொல்வார். இரண்டாவதன் விடையில் பாதி நம் கையில் இருக்கிறது.